சின்ன வயதுச் சைக்கிளைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐயெல்ட்ஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் செவிலியர்கள் பலர், மேற்படிப்புக்காக வெளிநாடு போகிறவர்கள் பலர். சைக்கிள் பற்றிக் கேள்வி வரும் என்றால் எல்லோருக்கும் முகம் மலரும். பேச ஆரம்பித்த அரை நிமிடத்தில் வாடிவிடும். தமிழில் கேட்டால் காப்பி ஆறும் வரை பேசக்கூடிய கதையை ஆங்கிலத்தில் இரண்டு வரியில் முடித்துவிட்டு, "தட்ஸ் ஆல்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். இவை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்கு. ஒரு சங்கடம் உண்டு: நம் எழுத்தில் 'பைக்' என்று எழுதினால் அந்த முதல் ஒலி 'பால்' என்பதில் வருவதா, 'கம்பம்' என்பதன் நடுவில் உள்ளதுபோல் அதிர்ந்து வருவதா என்று கண்ணுக்குத் தெரியாது. காது அறியும், அதை நம்புங்கள்.

தேர்வில் சைக்கிள் பற்றிய கேள்வி எந்த இடத்தில் வரும்?

பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். மூன்று பகுதிகள். முதல் பகுதி 4 முதல் 5 நிமிடம் ஓடும். வீடு, வேலை, படிப்பு என்று தொடங்கி அன்றாட விஷயங்களுக்கு வருவார்கள். சைக்கிள் பெரும்பாலும் அங்கேதான் தலைகாட்டும். சின்ன வயதில் சைக்கிள் வைத்திருந்தீர்களா, இப்போதும் ஓட்டுகிறீர்களா, உங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுவது பரவலாக இருக்கிறதா, குழந்தைகள் கற்றுக்கொள்ள வேண்டுமா என்ற ரீதியில் கேள்விகள் இருக்கும்.

இரண்டாம் பகுதியில் ஓர் அட்டை கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். 'சிறு வயதில் கற்ற ஒரு திறமை', 'உங்களுக்குப் பிடித்த ஒரு பரிசு' போன்ற அட்டைகளுக்கும் சைக்கிள் கதை அப்படியே பொருந்தும். மூன்றாம் பகுதி சமூகம், நகரம், அரசு என்று விரியும்.

"டிட் யூ ஹேவ் எ பைசிகிள் வென் யூ வேர் யங்?" என்று கேட்டால் 'யெஸ்' என்று சொன்னால் போதாதா?

சாட்சிக் கூண்டில் நிற்கிறவருக்குப் போதும். உங்களுக்குப் போதாது. தேர்வாளர் உங்களிடம் சைக்கிள் இருந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கவில்லை, நீங்கள் பேசுவதைக் கேட்கத்தான் கேட்கிறார். இரண்டு முதல் நான்கு வாக்கியம், பதினைந்து இருபது விநாடி. முதல் பகுதிக்கு அதுவே சரியான அளவு. அதற்கு மேல் நீட்டினால் அவரே நிறுத்தி அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அது தவறல்ல, பயப்பட வேண்டாம்.

அந்த மூன்று வாக்கியத்துக்குள் உங்கள் சைக்கிளுக்கு மட்டுமே உரிய ஒரு விஷயம் இருக்க வேண்டும். என் வகுப்பில் நான் பிடிவாதம் பிடிப்பது இந்த ஒன்றுக்குத்தான். 'ஐ ஹேட் எ நைஸ் பைசிகிள் அண்ட் ஐ லைக்டு இட் வெரி மச்' என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சைக்கிளே பார்க்காதவர்கூடச் சொல்லலாம். பெல்லைத் தவிர எல்லாம் சத்தம் போடும் என்று நம் ஊரில் பழைய சைக்கிளைக் கேலி செய்வோம் அல்லவா? அதையே சொல்லுங்கள்:

"யெஸ், ஐ டிட். இட் வாஸ் என் ஓல்டு கிரீன் ஒன் தட் பிலாங்டு டு மை அங்கிள். எவ்ரிதிங் ஆன் இட் மேட் எ நாய்ஸ் எக்ஸெப்ட் த பெல்."

மூன்றே வாக்கியம். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் 'தட்', 'எக்ஸெப்ட்' என்ற இரண்டும் வந்து இலக்கணத்துக்கு மதிப்புச் சேர்த்துவிட்டன. கேட்கிறவர் சிரித்தாலும் சிரிப்பார்.

நான் 'டிரைவிங் எ சைக்கிள்' என்றேன். பயிற்சியாளர் முகம் சுளித்தார். என்ன தவறு?

தவறு உங்களுடையது அல்ல, 'ஓட்டு' என்ற வினையுடையது. நாம் சைக்கிளையும் ஓட்டுகிறோம், லாரியையும் ஓட்டுகிறோம், மாட்டையும் ஓட்டுகிறோம், வருமானம் போதாத மாதத்தையும் எப்படியோ ஓட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அப்படித் தாராளம் கிடையாது. கால்களை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்வது எல்லாம் 'ரைட்': குதிரை, சைக்கிள், மோட்டார் சைக்கிள். உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிப்பது 'டிரைவ்': கார், பஸ், லாரி.

இறந்தகாலம் 'ரோட்', மூன்றாம் வடிவம் 'ரிடன்'. 'ஐ ரைடட்' என்று ஒரு சொல் உலகத்தில் இல்லை. "ஐ ரோட் மை பைக் டு ஸ்கூல் எவ்ரி டே." சாலையைக் குறிக்கும் 'ரோடு' மாதிரியே ஒலிக்கும், அதனால் மறக்காது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில வழுக்கல்களும் உண்டு. சைக்கிளிலிருந்து விழுந்ததை 'ஃபெல் டவுன் ஃப்ரம் த சைக்கிள்' என்று நாம் உருபு மாறாமல் மொழிபெயர்க்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ ஃபெல் ஆஃப் மை பைக்', அவ்வளவுதான். ஏறுவது 'கெட் ஆன்', இறங்குவது 'கெட் ஆஃப்'. காற்றடிப்பதை 'ஃபில்லிங் ஏர்' என்றால் நம் ஊரில் புரியும், ஆனால் அவர்கள் சொல்வது 'பம்ப் அப் த டயர்ஸ்'. பஞ்சர் ஆனதும் உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோமே, அது 'ஐ புஷ்டு மை பைக் ஆல் த வே ஹோம்'. டபுள்ஸ் போனதைச் சொல்ல 'டபுள்ஸ்' உதவாது, டென்னிஸ் ஆடினீர்களோ என்று நினைப்பார். "மை லிட்டில் சிஸ்டர் சாட் ஆன் த பேக்" என்று படமாகச் சொல்லிவிடுங்கள்.

சைக்கிளா, பைசிகிளா, பைக்கா?

நமக்கு பைக் என்றால் பெட்ரோல் போடுவது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா எங்கும் பைக் என்றால் முதலில் மிதிவண்டிதான் மனதில் வரும். முதல் வாக்கியத்தில் 'பைசிகிள்' என்று தொடங்கி, பிறகு 'பைக்' என்று சுருக்கிக்கொள்ளுங்கள். மோட்டார் வண்டியைச் சொல்ல வேண்டியிருந்தால் 'மோட்டர்பைக்' என்று முழுதாகச் சொல்லுங்கள். 'சைக்கிள்' என்பதைப் பெயர்ச்சொல்லாகச் சொன்னாலும் புரியும், மதிப்பெண் போகாது. 'ஐ சைக்கிள் டு வொர்க்' என்று வினையாகவும் வரும்.

பழைய பழக்கத்தைச் சொல்லும்போது காலம் குழம்புகிறது. 'யூஸ்டு டு' எங்கே, 'வுட்' எங்கே?

இதைத் தமிழ் வழியாகப் புரிந்துகொள்வதுதான் எளிது. இலக்கணப் புத்தகங்கள் ஏனோ இதைச் சொல்வதில்லை.

"அப்போதெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகச் சைக்கிள் கடைக்குப் போவேன். ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பேன். இருட்டும் வரை சுற்றுவேன்." இந்த வாக்கியங்களைப் பாருங்கள். நடந்து முடிந்து இருபது வருடமான கதை, ஆனால் வினை எல்லாம் எதிர்காலத்தில் இருக்கிறது: போவேன், எடுப்பேன், சுற்றுவேன். கடந்தகாலப் பழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்கால வடிவத்தைக் கடன் வாங்குகிறது. ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது! 'வில்' என்பதன் தம்பியான 'வுட்' அங்கே வருகிறது: "ஐ வுட் கோ ஸ்ட்ரெய்ட் டு த சைக்கிள் ஷாப். ஐ வுட் ரெண்ட் எ பைக் ஃபார் என் அவர்." ஆகவே தமிழில் '-வேன், -வோம்' என்று வாய் தானாகப் போகும் இடத்தில் 'வுட்' போடலாம். 'யூஸ்டு டு'வும் அங்கே பொருந்தும். முதல் வாக்கியத்தில் 'யூஸ்டு டு', அடுத்தவற்றில் 'வுட்' என்று போட்டால் இயல்பாக இருக்கும்.

ஒரே ஒரு முறை நடந்தது என்றால் தமிழிலேயே 'விழுவேன்' என்று சொல்லமாட்டோம், 'விழுந்தேன்' என்போம். ஆங்கிலத்திலும் அங்கே எளிய இறந்தகாலம்தான்: "ஒன்ஸ் ஐ ஃபெல் இன்டு எ கெனால்." 'ஒன்ஸ் ஐ யூஸ்டு டு ஃபால்' என்று ஒரு மாணவர் சொன்னார். ஒரு தடவை விழுவதை வழக்கமாக வைத்திருந்தேன் என்று ஆகிவிட்டது.

'இருந்தது' வகைச் சொற்களுக்கு 'வுட்' ஆகாது. "வீ யூஸ்டு டு லிவ் நியர் த ரிவர்" சரி. "வீ வுட் லிவ் நியர் த ரிவர்" சரியில்லை. இன்னொன்று: 'வைத்திருந்தேன்' என்பதை அப்படியே மாற்றி 'ஐ வாஸ் ஹேவிங் எ சைக்கிள்' என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. 'ஐ ஹேட் எ பைசிகிள்' என்று அதை வெட்டுங்கள். அந்த 'எ'வையும் விட்டுவிடாதீர்கள்.

'குரங்குப் பெடல்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்?

தனிச்சொல்லைத் தேடாதீர்கள். நேரம் வீண். இந்தக் கேள்வியை என்னிடம் யார் கேட்டாலும் நான் உட்கார வைத்து முதலில் தமிழில் சொல்லச் சொல்வேன், ஏனென்றால் இதைச் சொல்லும்போது ஒருவர் முகமாவது சோர்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அது அப்பாவின் 22 இஞ்ச் சைக்கிள். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது, பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போடவும் முடியாது. ஒரு கையால் ஹேண்டில் பாரைப் பிடித்து, மறு கையை சீட்டின் மேல் வளைத்துப் போட்டு, முக்கோணச் சட்டத்தின் நடுவே வலது காலை நுழைத்து, உடம்பு ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகச் சாய்ந்தபடி மிதிப்பது. முதலில் அரைப்பெடல், பிறகு முழுப்பெடல். அதற்குப் பிறகு பாரின் மேல் உட்கார்ந்து, கடைசியில் சீட்டுக்குப் பதவி உயர்வு. இடையில் முழங்காலில் தோல் போகும். செயினில் பாவாடையோ கால்சட்டையோ மாட்டும். வீட்டில் அடி விழும்.

இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இட் வாஸ் மை ஃபாதர்ஸ் பைக் அண்ட் இட் வாஸ் ஃபார் டூ பிக் ஃபார் மீ. ஐ குடன்ட் ரீச் த பெடல்ஸ் ஃப்ரம் த சீட், ஸோ ஐ ஹேட் டு புட் ஒன் லெக் த்ரூ த ஃப்ரேம் அண்ட் ரைட் இட் ஸ்டாண்டிங் அப். வீ கால்டு இட் மங்கி பெடலிங்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஒன்றுக்கு முதலில் விளக்கம், பிறகு நம் ஊர்ப் பெயர். சொல் தெரியாதபோது சுற்றிவளைத்துப் புரியவைக்கும் திறமைக்கும் சொல்வளப் பிரிவில் மதிப்பு உண்டு. ஆகவே சொல் இல்லாதது குறையாகாது. உங்களுக்கு அது ஒரு வாய்ப்பு.

வாடகைச் சைக்கிள் கடைக்கும் இதே வழிதான். மட்கார்டில் பெயின்டால் எழுதிய எண், நோட்டில் குறிக்கும் நேரம், ஐந்து நிமிடம் தாமதமானால் கடைக்காரர் பார்க்கும் பார்வை. "தேர் வாஸ் எ ஷாப் தட் ரெண்டட் அவுட் பைக்ஸ் பை த அவர்" என்று தொடங்கினால் மீதி தானாக வரும்.

எனக்குச் சைக்கிளே இருந்ததில்லை. பெண் பிள்ளைக்கு எதற்கு என்று வீட்டில் கற்றுக்கொள்ளவும் விடவில்லை. என்ன சொல்வது?

அதையே சொல்லுங்கள். உள்ளபடி சொன்னால் அது மற்றவர்களின் பதிலைவிட நன்றாக இருக்கும். "நோ, ஐ டிடின்ட். மை பிரதர் ஹேட் ஒன், பட் ஐ வாஸன்ட் அலவ்டு டு ரைட் இட். ஐ ஃபைனலி லேர்ன்ட் வென் ஐ வாஸ் ட்வென்டி டூ, இன் அ ஹாஸ்டல் கிரவுண்ட்." இதில் 'வாஸன்ட் அலவ்டு டு' என்ற அமைப்பு கிடைக்கிறது, 'ஃபைனலி' கிடைக்கிறது, ஒரு கதையும் கிடைக்கிறது. கற்றுக்கொள்ளவே இல்லை என்றால் "ஐ நெவர் லேர்ன்ட், அண்ட் ஐ ஸ்டில் ரிக்ரெட் இட்" என்று முடித்துவிடலாம்.

பொய் சொல்லலாமா?

தேர்வாளர் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து விசாரிக்கப்போவதில்லை. உண்மைக்கு மதிப்பெண் கிடையாது, மொழிக்குத்தான். ஆனால் கற்பனைச் சைக்கிளுக்கு நிறம் கேட்டால் தடுமாறுவீர்கள். உண்மையானது கையில் இருக்கும்போது பொய்க்கு எதற்கு உழைப்பு?

"இஸ் சைக்கிளிங் பாப்புலர் இன் யுவர் கன்ட்ரி?" இதற்குத்தான் எனக்கு ஒன்றுமே வருவதில்லை.

உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்பதால் வாய் அடைத்துப்போகிறது. அந்த இரண்டுங்கெட்டான் நிலையையே பதிலாக்குங்கள். முதலில் 'பாப்புலர்', 'காமன்' என்ற இரண்டையும் பிரித்துப் பாருங்கள். 'காமன்' என்றால் எங்கும் காணக்கிடைப்பது. 'பாப்புலர்' என்றால் மக்கள் விரும்பிச் செய்வது. நம் ஊரில் பால்காரரும் கட்டட வேலைக்குப் போகிறவரும் சைக்கிள் வைத்திருப்பது விருப்பத்தால் அல்ல, வசதி அவ்வளவுதான் என்பதால். அதே வேளையில் சென்னையில் ஞாயிறு அதிகாலை கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால், தலைக்கவசமும் கண்ணாடியுமாக, மோட்டார் சைக்கிள் விலையுள்ள சைக்கிளில் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். முன்னவருக்கு அது 'காமன்', பின்னவருக்குப் 'பாப்புலர்'. இந்த ஒரு வேறுபாட்டைச் சொன்னாலே பதில் நிமிர்ந்து நிற்கும்:

"வெல், இட்ஸ் காமன் ரேதர் தேன் பாப்புலர். எ லாட் ஆஃப் பீப்பிள் இன் மை டவுன் ரைட் டு வொர்க் பிகாஸ் தே கான்ட் அஃபோர்டு எ மோட்டர்பைக். பட் இன் த பிக் சிட்டீஸ் இட்ஸ் பிகமிங் எ வீக்கெண்ட் ஹாபி."

இதற்குமேல் ஒரு படி போக நினைப்பவர்களுக்கு நம்மிடம் சொல்ல நிறைய இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள், கிராமச் செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதுமான அளவு கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். குழந்தையை முன்னால் பாரில் உட்காரவைத்துக்கொள்ள அது வசதி என்றும் கண்டுகொண்டார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குச் சரக்குக் கொண்டுபோக, பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல் வேலைக்குப் போக அது உதவியது. செவிலியர்கள் பாதிப் பேர் இருக்கும் என் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் எப்போதும் ஒருவராவது 'எங்கள் அம்மா அப்படித்தான் கற்றுக்கொண்டார்' என்பார். பிறகு ஏனம்மா தேர்வில் 'சைக்கிளிங் இஸ் குட் ஃபார் ஹெல்த்' என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள்?

அரசு கொடுக்கும் சைக்கிளும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்பு படித்தவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைத்திருக்கும். "த கவர்ன்மென்ட் கிவ்ஸ் ஃப்ரீ பைசிகிள்ஸ் டு ஸ்டூடன்ட்ஸ் இன் கிரேட் இலெவன். தட்ஸ் ஹவ் ஐ காட் மைன்." வெளிநாட்டுத் தேர்வாளருக்கு இது புதுச் செய்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். பீகாரும் 2006இல் மாணவிகளுக்கென்று இப்படியொரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளி தூரமாக இருப்பதால் படிப்பை நிறுத்தும் பெண் பிள்ளைகளைப் பிடித்துவைக்க அது உதவியது.

புள்ளிவிவரம் சொன்னால் மதிப்பெண் கூடுமா?

கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 44.8 சதவீதக் குடும்பங்களில் சைக்கிள் இருந்தது. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேர்வில் "ஆல்மோஸ்ட் ஹாஃப் த ஹவுஸ்ஹோல்ட்ஸ்" என்று சொன்னாலே நிறைவு. தசமப் புள்ளியில் நாக்கு சிக்கினால் சரளம் போய்விடும்.

நான் யாழ்ப்பாணம். இந்திய உதாரணங்கள் எனக்குப் பொருந்துமா?

பொருந்தாது. உங்களுக்குத் தேவையும் இல்லை. துவிச்சக்கர வண்டியைப் பற்றி யாழ்ப்பாணத்தவருக்கு நான் சொல்லிக்கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. 1990களில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் இல்லாமல் போனபோது ஆசிரியர் முதல் நோயாளி வரை எல்லோரையும் சுமந்தது சைக்கிள்தான். 2022இல் நாடு முழுக்க எரிபொருள் தட்டுப்பாடு வந்து வரிசையில் நாள்கணக்காக நின்றபோது கொழும்பு அலுவலர்களும் சைக்கிளுக்கு வந்தார்கள். "வென் தேர் வாஸ் நோ ஃபியூயல், த பைசிகிள் வாஸ் த ஒன்லி திங் தட் மூவ்டு." அம்மாவோ அம்மம்மாவோ சொன்ன ஒரு கதையை 'மை கிராண்ட்மதர் டெல்ஸ் மீ தட்' என்று தொடங்கிச் சேருங்கள்.

'ஈகோ ஃப்ரெண்ட்லி', 'ரெடியூஸ் பொல்யூஷன்', 'குட் ஃபார் ஹெல்த்' எல்லாம் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன். சொல்லக்கூடாதா?

சொல்லலாம், எல்லோரும் சொல்கிறார்கள் என்பதுதான் தொல்லை. மனப்பாடம் ஒலியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்: வேகம் திடீரென்று கூடும், ஏற்ற இறக்கம் மறையும், கண் கூரையைப் பார்க்கும். மனப்பாடமாகத் தோன்றும் பதில் மதிப்பெண்ணைக் குறைக்கும். அந்தக் கருத்தே வேண்டும் என்றால் ஆளோடு சேர்த்துச் சொல்லுங்கள். "மை கிராண்ட்ஃபாதர் ரோட் டு த மார்க்கெட் அன்டில் ஹீ வாஸ் எய்ட்டி, அண்ட் ஹீ ஹார்ட்லி எவர் சா எ டாக்டர்." உடம்புக்கு நல்லது என்ற சொல்லே வரவில்லை, ஆனால் சொல்லியாகிவிட்டது.

உச்சரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

'பைசைக்கிள்' என்று சொல்லாதீர்கள். இரண்டாம் அசை குறுகியது: பை-சி-கிள், அழுத்தம் முதல் அசையில். 'வெஹிக்கிள்' வேண்டாம், 'வீ-இ-கிள்', நடுவில் ஹகரம் ஏறக்குறைய இல்லை. 'பெடல்' என்பதிலும் 'பாப்புலர்' என்பதிலும் முதல் ஒலி உதட்டிலிருந்து காற்று வெடித்து வர வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சோதிக்கலாம். சொல் முடிவில் நாம் வழக்கமாகச் சேர்க்கும் உகரத்தை, அதாவது 'பைக்கு', 'ரைடு' என்பதை, நறுக்கிவிடுங்கள்.

தமிழர் பேசும் ஆங்கிலம் என்று தெரிவது குற்றமல்ல. புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்குக்கும் சம எடை. லண்டன்காரரைப்போலப் பேச முயன்று கெடுத்துக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது சொல் வராமல் நின்றுவிட்டால்?

"வாட் டு யூ கால் இட்" என்று இயல்பாகச் சொல்லிவிட்டு விளக்குங்கள். டைனமோ மறந்துபோனால் "த லிட்டில் திங் தட் டச்சஸ் த வீல் அண்ட் லைட்ஸ் த லேம்ப்". கேள்வி காதில் விழவில்லை என்றால் "ஸாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். தப்பாகச் சொல்லிவிட்டதை உடனே திருத்துவது நல்லது. மூன்றாவது முறை திருத்துவது நல்லதல்ல.

மூன்றாம் பகுதியில் 'நகரங்களில் மக்கள் ஏன் சைக்கிள் ஓட்டுவதில்லை' என்று கேட்டால்?

இங்கே சொந்தக் கதையோடு நிறுத்தாமல் காரணம் சொல்ல வேண்டும். நம் நகரங்களில் காரணம் கண்முன்னே இருக்கிறது: வேகமான வண்டிகளோடு ஒரே பாதை, வெயில், நிறுத்தினால் திருட்டு, 'வசதியில்லாதவர் வண்டி' என்ற இளக்காரம். இந்தக் கடைசிக் காரணத்தைப் பலர் சொல்வதில்லை. சொல்லுங்கள்: "பீப்பிள் சீ இட் ஆஸ் எ புவர் மேன்ஸ் வீஇகிள்."

ஒப்பிட வேண்டும் என்றால் நெதர்லாந்து. அங்கே மக்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். அது அவர்கள் இரத்தத்தில் ஊறியது என்று நினைக்கிறோம். 1950களிலும் 60களிலும் அங்கேயும் கார் பெருகிச் சைக்கிள் ஒதுங்கத் தொடங்கியது. 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகுதான் தனிப்பாதைகள் பெருகின. தேர்வில் இதைச் சுருக்கி "ஈவன் இன் த நெதர்லண்ட்ஸ் இட் டிடின்ட் ஹேப்பன் பை இட்செல்ஃப். பேரன்ட்ஸ் ஹேட் டு ஃபைட் ஃபார் சேஃப் ரோட்ஸ்" என்று சொன்னால், 'கவர்ன்மென்ட் ஷுட் டேக் ஆக்‌ஷன்' என்ற வழக்கமான வாக்கியத்தைவிட எடை கூடும்.

வீட்டில் தனியாக எப்படிப் பயிற்சி செய்வது?

கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு முதலில் தமிழில் உங்கள் சைக்கிள் கதையை முழுதாகச் சொல்லுங்கள். யார் வாங்கிக் கொடுத்தது, என்ன நிறம், எங்கே விழுந்தீர்கள், கடைசியில் அந்த வண்டிக்கு என்ன ஆனது. கேட்டுப் பார்த்து, வேறு யாரும் சொல்ல முடியாத மூன்று விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுதாமல், குறிப்பை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் இருபது விநாடி பேசிப் பதிவு செய்யுங்கள். எழுதினால் மனப்பாடமாகிவிடும். மறுநாள் அதையே வேறு சொற்களில் சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு பெண் இப்படிப் பயிற்சி செய்தார். மூன்று நாள் 'மை பைசிகிள் வாஸ் வெரி பியூட்டிஃபுல்' என்றே தொடங்கினார். நான்காம் நாள் பதிவில் அந்த வாக்கியம் இல்லை. "மை ஃபாதர் சோல்டு இட் டு பை மை ஸ்கூல் புக்ஸ், அண்ட் ஐ ஸா இட் எவ்ரி டே அவுட்சைட் த டீ ஷாப்" என்று இருந்தது.